அமைச்சராக இருந்தவர் கேட்ட கையெழுத்து

ஒரு கையெழுத்துத்தானே. கையெழுத்துக்கூட இல்லை, திரையில் ஒரு பச்சைக் கட்டம். அதை அழுத்திவிட்டால் எல்லாரும் சாப்பிடப் போகலாம். பிறகு ஒருநாள் ஏதாவது நடந்தால்? நடக்காமலே போகலாம். நடக்காமல் போவதற்குத்தான் இடம் அதிகம். அதனால்தான் இந்தக் கை அங்கேயே போய் நிற்கிறது.

செரீனா சுட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மணி பதினொன்றே முக்கால். இரண்டு மணிக்கு மாகாண அமைச்சர் வருகிறார். கீழே கூடத்தில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் பதினேழாம் மாடிக்குக் கேட்க நியாயமில்லை. ஆனாலும் அவளுக்குக் கேட்டது.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதிகளுக்கான மென்பொருள் அது. இவ்வளவு காலமும் ஃபக்ஸ் தாள்களிலும் கிறுக்கல்களிலும் கிடந்த மருந்துப் பட்டியல்கள் இனித் தாதியின் கைபேசியில் இருக்கும். கம்பனி இரண்டு வருடம் உழைத்திருந்தது. பரிசோதனைப் பிரிவின் தலைவி அவள். 'பாவனைக்கு உகந்தது' என்பதன் கீழே அவள் பெயர் விழாமல் அது வெளியே போகாது.

நேற்று மத்தியானம்வரை விழுத்துவதற்குத் தயாராகத்தான் இருந்தாள்.

பரிசோதிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இல்லாத நோயாளிகளை உண்டாக்கும்போது வாயில் வருகிற வீட்டுப் பெயர்களையே போட்டுவிடுவார்கள். செரீனா தன் அப்பாவையும் அண்ணனையும் போட்டாள். அப்பா இக்னேசியஸ், அவருடைய தகப்பன் றெமிஜியஸ். ஆகவே கடதாசிகளில் அவர் இக்னேசியஸ் றெமிஜியஸ். பேரனுக்குப் பாட்டனின் பெயரை வைத்தார்கள். ஆகவே அண்ணன் றெமிஜியஸ் இக்னேசியஸ். ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒரே வீடு, ஒரே தொலைபேசி இலக்கம். அப்பாவுக்கு இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை, அண்ணனுக்கு வலிப்புக்குக் குளிசை. பழைய ஃபக்ஸ் தாள்களில் பெரும்பாலும் பிறந்த திகதி இருக்காது என்பதால் அவளும் அதை வெறுமையாக விட்டாள்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது திரையில் ஒரு மனிதர்தான் இருந்தார். இரண்டு பேரின் குளிசைகளையும் விழுங்குகிற ஒரே மனிதர்.

பழைய பதிவுகளை அலசினாள். அப்படி ஒன்றாக்கப்பட்டவை அறுபத்து மூன்று. அதில் எத்தனை உண்மையிலேயே ஒரே ஆள், எத்தனை தகப்பனும் மகனும் என்பது கணினிக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

தியாகு கதிரையை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான். திருச்சிக்காரன். இந்த வேலைத்திட்டத்தின் முகாமையாளன்.

"ஏங்க செரீனா, மந்திரிக்கு வெட்ட ரிப்பன்கூட வந்தாச்சு. நீங்க இன்னும் முழிச்சிட்டே உக்காந்திருக்கீங்க?"

"நான் நேற்றே எழுதி அனுப்பினனான், தியாகு. வாசிச்சனீங்களோ?"

"வாசிச்சேன். அறுபத்து மூணு. நாப்பதாயிரத்துல அறுபத்து மூணு! உங்க ஊர்ல அப்பன் பேரும் புள்ள பேரும் இப்படி மாத்தி மாத்தி வெச்சா கம்ப்யூட்டர் பாவம் என்னங்க பண்ணும்?"

"உங்கட ஊரிலயும் பேரனுக்குத் தாத்தாவின்ர பேர்தானே?"

"வெப்போம். ஆனா கூப்பிட மாட்டோம். மாமனார் பேரச் சொல்லி எங்கம்மா எப்படி என்னைத் திட்டுவாங்க? அதான் வீட்ல நான் ராஜா." சிரித்தவன் சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "இங்கயே தங்கறதுக்கான என் பி.ஆர். பேப்பர் இன்னும் வரல, செரீனா. இந்த வேலை போனா வந்த வழியே போகணும். என் வொய்ஃப் ராஜஸ்ரீக்கு இப்ப ஆறாம் மாசம். நான் உங்கள ஒண்ணும் சொல்லல. சும்மா சொல்றேன்."

"ஓம், விளங்குது," என்றாள். விளங்கியதுதான் தொல்லை.

மேசைத் தொலைபேசி ஒலித்தது. டொக்டர் ஷலபி மேலே வரச் சொல்கிறார்.

முனீர் ஷலபி கம்பனியின் தலைவர். கெய்ரோவில் கணினிப் பொறியியலில் டொக்டர் பட்டம் பெற்றவர். பிறகு அந்த நாட்டிலேயே அமைச்சர். பதவி போனபின் துபாயில் ஒரு பெரிய நிறுவனத்தை நடத்தி, கடைசியில் ரொறன்ரோவுக்கு வந்தவர். செரீனாவை நேர்முகத்தில் தெரிவுசெய்தவரும் அவர்தான். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "இக்னேசியஸ் உன் குடும்பப் பெயரா, தகப்பனின் பெயரா?" என்று கேட்டார். தகப்பனின் பெயர் என்றதும் முகம் மலர்ந்தது. "எனக்கும் குடும்பப் பெயர் கிடையாது. ஷலபி என் பாட்டனார். இந்த நாட்டுக் கணினிகளுக்கு நம்மைப் புரியாது." பதினாறு வருடமாக அவளை 'மிஸ் இக்னேசியஸ்' என்று அப்பாவின் பெயரால் அழைத்த நகரத்தில், அன்றைக்குத்தான் ஒருவர் அவளைச் சரியாக வாசித்தார் என்று தோன்றியது. அந்த நன்றி அவளுக்குள் இன்னும் இருந்தது. அவர் அறைக்குப் போகும்போதெல்லாம் அது அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பெயர்களின் முன்பின்னைப் பார்க்காமல் பதிவுகளை இணைக்கும் விதியும் அவருடையதே. "அலுவலக எழுதுவினைஞர்கள் நம் பெயர்களைப் புரட்டிப் போடுவார்கள். ஒரே கிழவர் இரண்டு பேராகி, ஒரே மருந்தை இரண்டு தடவை வாங்குவார்," என்றார். அன்று அவளும் தலையாட்டினாள். நம்மை அறிந்த ஒருவர் நமக்காகச் செய்த விதி என்றுதான் நினைத்தாள். தன் வீட்டிலேயே தகப்பனும் மகனும் ஒருவரின் பெயரை ஒருவர் சுமக்கிறார்கள் என்பது அப்போது அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

ஷலபி கோட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலருகே நின்றார். எழுபது வயது. வாவியில் பனிப்புகை மூடியிருந்தது. ஆங்கிலத்தில், அவசரமில்லாமல் பேசினார்.

"உன் அறிக்கையை இரண்டு தடவை வாசித்தேன். சரியான அறிக்கை. தவறு என்னுடையது."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை.

"திருத்த எத்தனை நாள்?"

"ஆறு வாரம். அறுபத்து மூன்று வீடுகளுக்கும் ஆள் போய்க் கேட்க வேண்டும்."

"ஆறு வாரம் தாதிகள் ஃபக்ஸோடு அலைவார்கள். அந்தக் கிறுக்கல்களைப் பிழையாக வாசித்து யாராவது விழுந்தால்? அதை யார் கணக்கில் போடுவாய்?"

 இரவு முழுவதும் அவள் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி அது.

"உங்கள் கதை ஒன்று இருக்கிறது, டொக்டர்," என்றாள். "புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் சொல்வீர்கள். இருபத்தெட்டு வயதில், தொலைக்காட்சிக்காரர்கள் காத்திருக்க, திறந்துவைக்க வந்த அமைச்சரிடம் இயந்திரம் தயாரில்லை என்று சொன்னீர்கள்."

"சொன்னேன். என்னை வெளியே போ என்று கத்தினார். பிறகு அதே மனிதர்தான் என்னைத் தூக்கிவிட்டார்." ஷலபி கதிரையில் அமர்ந்தார். "மிச்சத்தை நான் சொல்வதில்லை. இருபது வருடம் கழித்து அவருடைய நாற்காலியில் நான் இருந்தேன். ஒவ்வொரு காலையும் யாரோ ஒரு இளைஞன் வந்து, இன்னும் தயாரில்லை என்பான். எல்லாருமே சரியாகத்தான் சொன்னார்கள், செரீனா. அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டிருந்தால் ஒரு கிராமத்துக்கும் ஒரு தொலைபேசிக் கம்பிகூடப் போயிருக்காது. அந்த மனிதர் ஏன் கத்தினார் என்று அப்போதுதான் விளங்கியது."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். நானும் மெல்ல மெல்ல இந்த நாற்காலிக்கு வந்து, ஒருநாள் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டு, பிறகு எதற்கும் துடிக்காத ஒருத்தியாகிவிடுவேனோ?

"அந்த அறுபத்து மூன்றையும் மட்டும் நிறுத்தி வைக்கலாமா?" என்று கேட்டாள்.

"வைத்தால் ஒப்பந்தப்படி முழுமையில்லை. அமைச்சர் வரமாட்டார்." மேசையிலிருந்த தாளை அவள் பக்கம் தள்ளினார். "உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். உனக்கு இரண்டு நாள் லீவு தருகிறேன். பொறுப்பைத் தியாகுவிடம் ஒப்படைக்கிறேன் என்று ஒரு வரி எழுது. ஒப்புதலில் உன் பெயர் எங்கும் வராது."

அந்த வரியும் தாளில் ஏற்கனவே அச்சாகியிருந்தது. திகதியும் தியாகுவின் முழுப்பெயரும்கூட. அதற்கு மேலே அவள் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

"தியாகு சம்மதித்தாரா?"

"அவர் மறுக்க மாட்டார்."

மறுக்க மாட்டான். மறுக்க அவனால் முடியாது. ஆறாம் மாத வயிற்றோடு ஒருத்தி வீட்டில் இருக்கிறாள். எங்கோ ஒரு அலுவலகத்தில் அவன் கடதாசி கிடக்கிறது. அந்த வரியின் கீழே கையெழுத்திட்டால் அப்பாவின் குளிசைப் பெட்டியையும் அண்ணனின் குளிசைப் பெட்டியையும் அவன் கையில் கொடுத்துவிட்டு, நான் பனிக்குள் இறங்கி நடந்து போய்விடலாம். யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். நானேகூடச் சில நாளில் மறந்துவிடுவேன்.

ஷலபி தன் பேனாவின் மூடியைக் கழற்றித் தாளின்மேல் வைத்தார். மணி பன்னிரண்டு இருபது.

"செரீனா, உன்னை என் மகளைப்போலத்தான் பார்த்தேன்."

"தெரியும், டொக்டர்." பேனாவை எடுத்து, மூடியைப் போட்டு, அவர் பக்கமாக வைத்தாள். "எனக்கு லீவு வேண்டாம். இரண்டு மணிக்கும் அந்தப் பச்சைக் கட்டத்தை அழுத்தாமல் என் மேசையில்தான் இருப்பேன். தியாகுவின் பெயருக்கு மேலே என் பெயரை நான் எழுதமாட்டேன்."