கடைசி மணிக்கு முன்னால்

1
உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கைதட்டலில் பிறந்தது. முதலில் தட்டியவன் நான்தான்.

2
'மௌனத்தின் மகா சமுத்திரத்தில் அந்த மேதை—'

வேண்டாம். அவர் பிரார்த்தனை இசையில் இருப்பதே நாலு ஸ்வரம். அதற்கு இவ்வளவு ஜிகினா எதற்கு?

இசையமைப்பாளருக்கு விழா. ஓவியர் அவர் இசைக்கென்று வெள்ளைத் திரைகள் தீட்டியிருந்தார். நடனக்காரி அரைமணி நேரம் ஒரு கையை மட்டும் உயர்த்தினாள். (நான் கவிதை வாசித்தேன். அதை விடுங்கள்.) அவரோ முதல் வரிசையில், பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காராதபடி தன் மேல்கோட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு தனியாக இருந்தார்.

3
காலையில் ஒத்திகை. நாலு ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும். பிறகு ஒரு கைமணி. பிறகு நாற்பது விநாடி ஒன்றுமில்லை. கடைசியில் இன்னொரு தடவை மணி. அந்த இரண்டாவது மணியை எந்த அரங்கிலும் யாரும் கேட்டதில்லை, அதற்குள் கைதட்டிவிடுவார்கள்.

"ஐயா, நாற்பதைப் பத்தாக்கிடலாமா? முடிஞ்சு போச்சுன்னு நினைச்சுக்கிறாங்க," என்றார் மணி அடிப்பவர்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்றார் இசையமைப்பாளர்.

முன்பொரு மத்தியானம், நோயில் கிடந்த அவர் மனைவி உள்ளறையிலிருந்து மணியடித்துக் கூப்பிட்டாள். அவர் பியானோவில் ஏதோ ஸ்வரம் தேடிக்கொண்டிருந்தார். மணி நின்றதும், தேவை தீர்ந்தது என்று இருந்துவிட்டார். மறுபடி ஒரு தடவை அடித்தாள். அப்போதுதான் எழுந்து போனார். போவதற்குள்—

(இந்த வாக்கியத்தை அவரே முடிக்கவில்லையாம். நான் யார் முடிக்க?)

"அவ ரெண்டாவது தடவை அடிச்சதை, ஒரே ஒரு நாள் எல்லாரும் கேட்டாப் போதும்," என்றார்.

4
சாயங்காலம் விழாவில், முதல் மணிக்குப் பிறகு முப்பத்தோராவது விநாடியில் என் கை என்னைக் கேட்காமல் தட்டிவிட்டது. அரங்கமே எழுந்து தட்டியது. மேடையில் மணி அசைவதைப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. அவர் மட்டும் எழாமல், காதுக்குப் பின்னால் கையைக் குவித்து மேடைப் பக்கம் சாய்ந்திருந்தார். மணி அடிப்பவர், மணியைத் துணியில் சுற்றி வைத்தபடி, ஒத்திகையில் நடந்த எல்லாவற்றையும் என்னிடம் சொன்னது அதற்குப் பிறகுதான்.

5
முடிவு அ: அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். (பொய். "பிரமாதம் ஐயா" என்று கை குலுக்கினேன். அந்தக் கை சில்லென்றிருந்தது.)

முடிவு ஆ: அடுத்த விழாவில் எல்லோரும் பொறுத்திருந்தார்கள். (அடுத்த விழாவே நடக்கவில்லை.)

6
என்னால் முடியவில்லை. நீங்கள் வாருங்கள். அவர் தன் மேல்கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டிருக்கிறார். பக்கத்தில் உட்காருங்கள். முதல் மணி அடித்தாயிற்று. நாற்பது வரை எண்ணுங்கள். கையை மட்டும் அசைக்காதீர்கள்.