நேதாஜி பிறந்தநாள் சோறு

செல்லையாவின் மகன் சன்னாசி என்றைக்குச் செத்தான் என்று யாருக்கும் தெரியாது. நேதாஜியின் பட்டாளத்தில் சேர்ந்து மலாயாவிலிருந்து பர்மாவுக்குப் போனவன். காய்ச்சலில் ரோட்டோரம் படுத்தவன் அப்புறம் எழுந்திருக்கவில்லை என்று கூடப்போன ஒருவன் வந்து சொன்னான். எந்த ஊர், எந்த மாதம் என்று கேட்டதற்கு அவன் அழுதானே தவிரப் பதில் சொல்லவில்லை.

நாள் தெரியாத சாவுக்குத் திதி எப்படிக் கொடுப்பது? அமாவாசையில் கொடு என்றார்கள். செல்லையா கேட்கவில்லை. நேதாஜி பிறந்த ஜனவரி இருபத்து மூன்றையே மகனுக்கு வைத்துக்கொண்டார். யாரை நம்பிப் போனானோ அவருடைய நாளிலேயே வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்பது அவர் நியாயம். பிறந்தநாளில் திதி கொடுக்கும் மனுஷன் என்று ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் கேலி பேசினார்கள். பேசியவர்களே அன்று அவர் வீட்டுக்கு வந்து நேதாஜி படத்துக்குப் பூப் போட்டுவிட்டுப் போவார்கள்.

பத்தாங் பெர்ஜுந்தாய் ரோட்டு முக்கில்தான் சன்னாசி பட்டாளத்து லோரி ஏறினான். “இதே முக்குலதாம்மா வந்து எறங்குவேன்” என்று சொல்லிவிட்டு ஏறினான். அதனால் காக்காய்க்கு வைக்கும் சோறும் அங்கேதான் என்பதில் அவன் அம்மா லெட்சுமி பிடிவாதமாக இருந்தாள். காக்காய் எடுத்துவிட்டது என்று புருஷன் வந்து சொல்லும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. ஐந்து வருஷமாக அப்படித்தான் நடந்தது.

ஆறாவது வருஷம், ஐம்பத்திரண்டில், வேலி வந்துவிட்டது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாது என்று சர்க்கார் லயத்தைச் சுற்றி முள்கம்பி கட்டி ஒரே ஒரு கேட் வைத்தது. சமைத்த சோறு ஒரு கைப்பிடி வெளியே போனாலும் ஜெயில். ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்களை விடியற்காலையில் வரிசையில் நிறுத்தித் தடவிப் பார்த்தார்கள். தின்ற சோற்றையும் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க வழியிருந்தால் பார்த்திருப்பார்கள்.

“கூரை மேலயே வச்சிடலாம் புள்ள. காக்கா எல்லாம் ஒண்ணுதான்லா,” என்றார் செல்லையா.

“அவன் முக்குல வந்து தேடுவான். அம்மா ஏமாத்திட்டான்னு நெனைப்பான்.”

செல்லையா எள் கலந்து பிடித்த ஓர் உருண்டையை வாழையிலையில் சுற்றி, பால் வாளியின் அடியில் வைத்து, மேலே துணியைத் திணித்துக்கொண்டு கிளம்பினார்.

கேட்டில் பெர்னாட் நின்றான். தோட்டத்து ஆபீஸ் கிராணியின் மகன், மாதா கோயில் பிள்ளை. சன்னாசியோடு ஒரே பெஞ்சில் படித்தவன். இப்போது ஸ்பெஷல் போலீஸ். அவன் மட்டும் என்றால் கவலையில்லை. அன்றைக்கென்று பார்த்து வெள்ளைக்காரத் துரையும் ஜீப்பிலிருந்து இறங்கி நின்றார். செல்லையா ஓர் அடி பின்வாங்கினார். திரும்பிப் போகலாம் என்றால் வரிசை பின்னாலிருந்து தள்ளியது.

பெர்னாட் துணியை எடுத்தான். இலையைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. துரை எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். பெர்னாட் மளமளவென்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு இவர் பக்கம் திரும்பினான்.

“பசியாற எடுத்தாந்துட்டீங்க, மறந்துட்டீங்கன்னு சொல்லியிருக்கேன் மாமா. வேலிக்கு உள்ள சாப்பிட்டா குத்தமில்ல. இங்கயே சாப்பிட்டுருங்க.”

“வேணாம்பா. தூக்கிப் போட்டுர்றேன்.”

“போட்டா சந்தேகப்படுவாரு மாமா. சாப்பிடுங்கலா!” என்றான், கெஞ்சாத குறையாக.

பிள்ளை காப்பாற்றத்தான் பார்த்தான். எள்ளுச் சோறு என்றால் என்னவென்று அவனுக்கு எங்கே தெரியும்! செத்தவனுக்கு வைக்கிற சோறு இது, முக்கில் காக்காய்க்குப் போகிறது என்று சொல்லலாம்தான். வேலிக்கு வெளியே காத்திருக்கும் காக்காய் யாரென்று துரை கேட்டால்? செல்லையா ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லை, லெட்சுமிக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

செல்லையா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மகன் அப்பனுக்கு வைக்கவேண்டிய சோற்றை அப்பன் மகனுக்கு வைத்ததே கொடுமை. அதையும் அப்பனே தின்றார். எள் பல்லிடுக்கில் கசந்தது. துரை பார்த்துக்கொண்டிருந்ததால் அழக்கூட முடியவில்லை. இலையில் ஒட்டியிருந்ததையும் வழித்துத் தின்னும்வரை பெர்னாட் கண்ணெடுக்கவில்லை. “போங்க மாமா,” என்று தோளைத் தொட்டு அனுப்பினான்.

ரோட்டு முக்கில் இரண்டு காக்காய்கள் உட்கார்ந்திருந்தன. செல்லையா தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனார்.

பால் நிறுத்துக் கொடுத்து மத்தியானம் வீடு வந்தபோது லெட்சுமி காய்ந்த உதட்டோடு வாசலில் நின்றாள்.

“எடுத்துச்சா?”

“எடுத்துச்சு.”

“உடனேயா?”

“உடனே. ஒரு பருக்கை விடல.”

லெட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “எம்புட்டுப் பசியோ எம்புள்ளைக்கு,” என்றாள். உள்ளே போய் இரண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள்.

செல்லையா தன் தட்டை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

“நீ சாப்பிடு புள்ள. எனக்கு வயிறு நெறஞ்சிருக்கு.”