இல்லியோமாரின் வெண்கலக் குதிரை

எப்போனாத் தாய் குதிரையைப் படைத்தது வெறும் வெள்ளோட்டம். அதைத் திருத்தி முடித்தவன் சமாரா ஆற்றங்கரையில் காசு அடிக்கும் இல்லியோமார். இதைச் சொன்னதும் இல்லியோமார்தான். விளையாட்டாகச் சொல்லவில்லை, சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

கட்டைவிரல் நகமளவு வெண்கலக் காசு. ஒரு பக்கம் முடி சிலிர்த்த முகம், மறுபக்கம் குதிரை. கழுத்து ஓரிடம், உடம்பு ஓரிடம், கால்கள் அதனதன் விருப்பப்படி.

"அண்ணே, இதுக்கு முட்டி எங்க?" என்றான் தம்பி ரெட்டோஸ்.

"ஓடுற குதிரைக்கு முட்டி தெரியாதுடா. நீ நொண்டிக் குதிரையாவே பாத்துப் பழகிட்ட."

ரெட்டோஸ் கொட்டகைக்குத் திரும்பினான். அங்கே நிஜக் குதிரை ஒன்று காலையிலிருந்து பிரசவ வலியில் கிடந்தது. குட்டி குறுக்கே திரும்பியிருந்தது. இல்லியோமாரின் மனைவி லித்துகேனா அந்தக் குதிரைமேல் ஏறித்தான் இந்த ஊருக்கு வாழ வந்தாள்.

சற்று நேரத்தில் அவளே பட்டறை வாசலில் வந்து நின்றாள். நீட்டிய கையில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

"ஒரு காசு குடுங்க. உளியும் குடுங்க. ஊத்துக்குப் போயிட்டு வந்துடுறேன்."

குதிரைகளைக் காக்கும் எப்போனாவின் ஊற்றில் வேண்டிப் போடும் காசை வெட்டித்தான் போட வேண்டும். வெட்டுப்பட்டால்தான் அது மனிதருக்குச் செத்து, தாய்க்குச் சொந்தமாகும்.

"நல்ல காசா குடுத்தா வாங்க மாட்டாளாம், நாசம் பண்ணிக் குடுத்தா வாங்கிப்பாளாம்! தண்ணிக்குள்ள பழைய சாமான் யாவாரமா பண்றா உங்க தாயி?" என்றான் இல்லியோமார்.

மற்ற நாளாயிருந்தால் லித்துகேனா வட்டியோடு திருப்பிக் கொடுத்திருப்பாள். இன்று கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

"அண்ணி, ஓடி வாங்க! உங்களைக் காணோம்னு எந்திரிக்கப் பாக்குது!" என்று ரெட்டோஸ் கத்தினான். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு ஓடினாள்.

இல்லியோமார் அச்சில் அடுத்த வில்லையை வைத்து ஓர் அடி போட்டான்.

"அண்ணே, சத்தம் போடாத! மிரளுது!"

ஓங்கிய சம்மட்டியை இறக்கினான். பட்டறை அடங்கியதும் பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"இங்கதான்டி இருக்கேன். விட்டுட்டுப் போயிடாத. எங்க அம்மா மொகத்தப் பாத்தவ இந்த ஊர்ல நீ ஒருத்திதான்."

கல்யாணமாகி எத்தனையோ குளிர்காலம் போய்விட்டது. அவளுக்கு இப்படியொரு தனிமை இருக்குமென்று இல்லியோமாருக்குத் தோன்றியதே இல்லை.

குவியலைக் கிளறி, அன்று அடித்ததிலேயே அழகான காசை எடுத்தான். உளியையும் சிறு சுத்தியையும் மேலாடைக்குள் செருகிக்கொண்டு, புறக்கடை வழியாகத் தூறலில் இறங்கினான்.

ஊற்றோரக் கல்லில் காசை வைத்து உளியை நிறுத்தினான். அது சரியாகக் குதிரையின் வயிற்றின்மேல் நின்றது. சட்டென்று எடுத்துவிட்டான். மேலாடை முனையை மடித்துக் கல்லின்மேல் விரித்தான். குதிரைக்குக் கல் குத்தாதபடி அதன்மேல் காசைக் கவிழ்த்துவைத்து, மேலே தெரிந்த முடி சிலிர்த்த முகத்தின் குறுக்கே வெட்டினான்.