இரண்டாம் மாடியில் இரண்டு விசில்

புதிய பேருந்து நிலையத்தைப் பார்க்கத் தனியாகத்தான் போனேன். வீட்டுக்காரரைக் கூட்டிப்போனால் கழிப்பறை எங்கே என்று விசாரித்தே பொழுதைக் கழித்துவிடுவார். முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவளுக்கு இதைவிட வேறென்ன சுற்றுலா?

கூரை இருந்த உயரத்துக்கு உள்ளேயே தனியாக மழை பெய்யும். பளபளத்த தரையில் என் நரைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். பேருந்துகளே சாய்தளத்தில் சுற்றிச் சுற்றி இரண்டாம் மாடிக்கு ஏறி வந்து நின்றன. அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே நின்ற பேருந்திலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள்.

"அம்மா, ஜன்னலோரம் என் பொண்ணு தூங்குறா. தண்ணி பிடிச்சிட்டு வந்துடறேன். ஒரு கண்ணு வச்சுக்கறீங்களா?"

"ரெண்டு கண்ணையும் வைக்கிறேன், போயிட்டு வா."

மூன்று வயது இருக்கும். மஞ்சள் சட்டை. வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

என் கண் அவள்மேல்தான் இருந்தது. வாய்தான் சும்மா இருக்கவில்லை. இவ்வளவு பெரிய மண்டபத்தில் எதிரொலி எப்படி இருக்கும் என்று ஓர் ஆசை. இரண்டு விரலை நாக்குக்கடியில் மடித்து, பழக்க தோஷத்தில், இரண்டு விசில் விட்டேன். கட்டடமே எழுந்து நின்று சல்யூட் அடித்தது.

பேருந்தின் கதவு மூடியது. வண்டி நகர்ந்தது.

ஒரு விசில் என்றால் நில்; இரண்டு என்றால் கிளம்பு. டிரைவர்மேல் தப்பே இல்லை. அந்த வண்டியின் கண்டக்டர் நேரக்காப்பாளர் அறையில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த நாலு பயணிகளும் காதில் ஒயரோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒற்றை விசில் விடப் பார்த்தேன். வாய் உலர்ந்து வெறும் காற்றுதான் வந்தது.

வெளிவாசலைத் தாண்டினால் நெடுஞ்சாலை. அடுத்த நிறுத்தம் ஒரு மணி நேரத் தொலைவில். நடுவில் குழந்தை கண் விழித்தால்?

சாய்தளம் மூன்று சுற்று. படிக்கட்டு குறுக்கு வழி; அதில் ஓடினேன். நாலாயிரம் படி என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன், நாற்பது இருக்கும். முதல் திருப்பத்தில் கண்ணாடிக்கு அப்பால் மஞ்சள் சட்டை கடந்து போனது. தலை ஜன்னலில் இடித்துக்கொண்டிருந்தது. அடுத்த திருப்பத்தில் வண்டி என்னை முந்திவிட்டது. ஒரு செருப்பு எங்கோ கழன்றது. மற்றதையும் உதறினேன்.

வாசலில் வண்டி வேகம் குறைக்க, தடுப்புக் கம்பி உயர்ந்துகொண்டிருந்தது. கம்பிக்கும் வண்டிக்கும் நடுவே புகுந்து இரண்டு கையையும் விரித்தேன். எஞ்சின் சூடு வயிற்றில் அடிக்கும் தூரத்தில் வண்டி நின்றது.

"சாகறதுக்கு வேற வண்டி கிடைக்கலையாம்மா?" டிரைவர் தலையை நீட்டினார்.

"உள்ள குழந்தை இருக்கு. தாய் மேல நிக்கிறா."

குழந்தையின் தாய் ஓடி வந்தாள், பின்னாலேயே கண்டக்டர். குழந்தையை அள்ளிக்கொண்டு இறங்கியவள் என் கையைப் பிடித்தாள். "நீங்க மட்டும் இல்லேன்னா..."

டிரைவர் கண்டக்டரிடம் திரும்பினார். "விசிலைக் குடுத்துட்டு எங்கய்யா போன?"

"நான் குடுக்கவே இல்லண்ணே."

"அப்ப பேய் குடுத்துச்சா? ரிப்போர்ட் எழுதிடறேன், அங்க வந்து சொல்லு."

அவள் இன்னும் என் கையை விடவில்லை.

"பேய் இல்ல. நான்தான்."

கையை உருவிக்கொண்டாள்.

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அக்கா, எத்தனை வருஷம் சர்வீஸ்?"

"முப்பத்தொண்ணு."

"அதான் இவரு அசலுன்னு நம்பிட்டாரு."

டிரைவர் சிரிக்கவில்லை. "வண்டி கண்ணுலேர்ந்து மறையற வரைக்கும் வாயில கை வச்சுட்டு நில்லுங்க."

நின்றேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். மறுபடி ஏறி ஜன்னலோரம் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு, வளைவு வரைக்கும் என்னை முறைத்தபடியே போனாள் அந்தப் பெண்.