மூங்கில் நின்ற நிலம்

நெளுக்குளத்துக்கு அங்கால், வாய்க்கால் கரையோடு கிடந்த மூங்கில் காணியைத் துப்புரவாக்கினால் கட்டார் போகத் தேவையில்லை என்று புருசனை மடக்கியது ராஜினிதான். சஜீவனும் பாவம், போக ஆசைப்பட்ட ஆளில்லை. மேசன் வேலை படுத்துப்போக, ஊரோடு சேர்ந்து அவனும் விசாவுக்கு எழுதிவிட்டு முகம் தொங்கத் திரிந்தான். "பெரும்போகச் சோளன் சரிவந்தா நான் போகேல்லை. சரிவராட்டி நீ மறிக்கக் கூடாது" என்றான். அவள் ஓம் என்றாள். மண்ணில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அது மாமனார் வீரையா வைத்த மூங்கில். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு ஓடிவந்த மனுசன் அவர். எதைக் கண்டாலும் கவ்வாத்து வெட்டாமல் விடமாட்டார். முருங்கையும் தப்பாது, செவ்வரத்தையும் தப்பாது. ஏதோ ஒரு திட்டத்தில் மூங்கில் கன்று கொடுத்தபோது அதையும் தேயிலை மாதிரியே பார்த்தார். வருசா வருசம் முற்றிய தடிகளை வெட்டி விற்பார், நடுவில் காற்றுப் போக இடம் விடுவார், மாட்டெருவைக் கடகத்தில் சுமந்துபோய் அடியில் கொட்டுவார். அவர் கண்ணை மூடியதோடு எல்லாம் நின்றது. தடி ஏற்றிய லொறியும் வரவில்லை, வெட்ட மகனுக்கும் நேரமில்லை. தடியோடு தடி நெருங்கி, செத்த தடி விழவும் இடமில்லாமல் நின்றபடியே உக்கி, நாய்கூட நுழைய முடியாத பற்றையாகிவிட்டது.

வீட்டில் நின்ற இரண்டு மாட்டையும் விற்று ஜேசிபி பிடித்தார்கள். அடிக்கட்டைகளைக் கிளப்பியபோது வந்த மண்ணைப் பார்த்திருக்க வேண்டும்! கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு. மேலே சருகு முழங்கால் மட்டும் கிடந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் புதுக்காட்டு மண் என்று தலையாட்டினார்கள். காடு வெட்டிச் செய்த முதல் போகம் பொய்த்ததாக வன்னியில் யாரும் கேள்விப்பட்டதில்லை. மூங்கிலும் காடுதானே என்று ராஜினியும் நினைத்துவிட்டாள். மற்றவர்களாக இருந்தால் சருகைக் கொளுத்தியாவது இருப்பார்கள். இவள் விடவில்லை. இத்தனை வருசச் சத்தை யாராவது நெருப்பில் போடுவார்களா? எல்லாவற்றையும் மண்ணோடு சேர்த்து உழச் சொன்னாள். யூரியா வாங்கப் புறப்பட்ட சஜீவனையும் படலையில் வைத்து மறித்தாள். விருந்து சாப்பிட்டு எழும்பினவனுக்கு யாரும் கஞ்சி ஊற்றுவார்களா என்று கேட்டாள். யூரியா விற்கிற விலைக்கு அவனுக்கும் அந்தக் கதை வசதியாகத்தான் பட்டது.

சோளன் நன்றாகத்தான் முளைத்தது. மழையும் ஏமாற்றவில்லை. முழங்கால் உயரம் வந்ததும் அடியிலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகத் தொடங்கின. தண்ணீர் கூடிவிட்டது என்று ராஜினி வடிகால் வெட்டினாள். பிறகு வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்தாள். மஞ்சள் மேலே ஏறிக்கொண்டேயிருந்தது. பக்கத்துக் காணிச் சிவராசாவின் சோளனோ வெறும் கிரவல் கல்லு மண்ணில், யூரியா தின்று ஆளுயரம் நின்றது. அந்தப் பக்கம் பார்ப்பதையே அவள் விட்டுவிட்டாள்.

பூ எடுத்த நேரத்தில்தான் விவசாயப் போதனாசிரியை கௌசலா ஸ்கூட்டியில் வந்தாள். வேரடியைத் தோண்டி, பாதி உக்கிய மூங்கில் இலைகளைக் கையில் எடுத்து உதறினாள்.

"கறுப்பைக் கண்டு ஏமாந்திட்டியள் அக்கா. கறுப்பெண்டால் காபன். பயிருக்கு வேண்டியது நைதரசன்."

மூங்கில் இலையில் காபன்தான் மலையாகக் கிடக்கிறது என்று அவள் விளங்கப்படுத்தினாள். அதை உக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கும் நைதரசன் வேண்டும். அவை மண்ணில் இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் முதலில் இழுத்துக்கொள்ள, பயிர் பட்டினி கிடக்கும். கிழவர் இருந்த காலத்தில் தடி வெளியே போனது, எரு உள்ளே வந்தது, எல்லாம் ஒரு அளவில் நின்றது. கவனிப்பாரில்லாமல் விட்ட பிறகு சருகு மட்டும்தான் சேர்ந்தது. அதையும் ஒரேயடியாக மண்ணுக்குள் தாட்டாயிற்று.

இப்போது யூரியா போட்டால் என்ன என்று ராஜினி கேட்டாள்.

"பூத்திட்டுதே அக்கா. விதைக்கேக்க போட்டிருந்தா இவ்வளவுக்கு வந்திராது."

பக்கத்தில் நின்ற சஜீவன் மஞ்சள் இலையொன்றைப் பிடுங்கிக் கசக்கினான். அவன் ஏசியிருந்தால் ராஜினி பதிலுக்கு ஏசியிருப்பாள், மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

கௌசலாவுக்கே மனம் கேட்கவில்லைப் போலும். மண் பழுதில்லை, மாட்டெரு போட்டு, உழுந்து, கௌபி என்று பயறு வகை விதைத்தால் மூன்று வருசத்தில் திருந்திவிடும் என்று ஆறுதல் சொன்னாள். எருவுக்கு மாடு எங்கே என்று ராஜினி கேட்க வாயெடுத்தாள். அதற்குள் சஜீவன் முந்திக்கொண்டான்.

"மூண்டு வருசமோ மிஸ்? அப்ப நான் போயிட்டு வரச் சரியாயிருக்கும்."

பல மாதத்துக்குப் பிறகு அவன் முகம் அன்றைக்குத்தான் தெளிந்தது. கௌசலாவை ஒழுங்கைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, கால் கழுவி, முற்றத்துக் கதிரையில் இருந்து ஏஜென்சிக்காரனுக்குப் போன் எடுத்தான். ராஜினி குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் என்று அங்கிருந்து சொல்லியிருக்க வேண்டும்.

"முந்தி ஏலாதோ அண்ணை?" என்றான் சஜீவன். "நாளைக்கெண்டாலும் நான் ஏறுவன்."