குழாய்க்காரர் இறுக்கிய நட்டு

1

எங்கள் சமையலறைக் குழாயை மாற்ற வந்தவர் கை கழுவும்போது, "வீட்டுல வண்டியத் தொட மாட்டேங்கறாங்க சார். நான்தான் ரிப்பேர் பண்ணேன்" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். மீதி நான் கட்டிய கதை. (அனுமதி கேட்கவில்லை. ஈடாகக் கதையில் அவரைக் கொஞ்சம் உயரமாக்கியிருக்கிறேன்.) இனி அவரை 'அவன்' என்றே எழுதுவேன். மரியாதை வைத்தால் தப்பு செய்யவிட மனம் வராது.

2

முதல் தொடக்கம்: "மழையில் பைக் வழுக்கிய அன்றிலிருந்து அவள்..."

வேண்டாம். விழுவதை யாரும் எழுதிவிடலாம்.

அவன் மனைவி வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் கட்டும் நர்ஸ். விழுந்ததில் முறிந்த அவள் மணிக்கட்டு கூடிவிட்டது. திங்கட்கிழமை வண்டியோடு போகாவிட்டால் அவள் பார்க்கும் வீடுகள் வேறொருத்திக்கு. இவளுக்கு அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலைதான் மிஞ்சும். நினைத்தாலே அவளுக்குக் கசந்தது.

வண்டியின் முன்பக்கத்தை அவனே கழற்றினான். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும், வளைந்துபோன ஃபோர்க்கை மாற்றினான். ஹேண்டில் திரும்பும் கழுத்தில் புதுப் பேரிங் போட்டு, மேலே நட்டை முடுக்கினான். காணொளி பார்த்து, இரண்டு நாள்.

3

சனிக்கிழமை காலை. அவள் தெருவில் பாதி போய்த் திரும்பிவிட்டாள்.

"நேராப் போக மாட்டேங்குது. திருப்பினா திருப்பின இடத்துலயே நிக்குது."

"நான் ஓட்டுனேனே, ஒண்ணும் தெரியலையே."

"நீங்க ஓட்டுறீங்களா, ஹேண்டிலோட கழுத்த நெரிக்கறீங்களா? அது எப்படி அசையும்?"

"உனக்குக் கையில இன்னும் பயம் இருக்கு."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "பயமா இருந்தா பயம்னு சொல்லிட்டுப் போறேன். இது வண்டி."

(முதல் வரைவில் இந்த இடத்தில் அவன் ஏளனமாகச் சிரித்தான். அடித்துவிட்டேன். தப்பு செய்தவன்தான், கெட்டவன் என்று எனக்குத் தோன்றவில்லை.)

4

டயரில் காற்று சரியாக இருந்தது. சக்கரத்தின் அச்சைத் தளர்த்தி, ஃபோர்க்கை நாலு தடவை அமுக்கிவிட்டு மறுபடி முடுக்கினான். மாற்றமில்லை. கடைசியில் இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கினான். அப்போது லேசாகத் தட்டினால் ஹேண்டில் தானாக ஒரு பக்கம் சாய வேண்டும். தட்டினான். தட்டிய இடத்திலேயே நின்றது.

"கழுத்து நட்ட எவ்வளவு இறுக்குனீங்க?" என்றாள்.

"இதுக்கு மேல முடியாதுங்கற வரைக்கும்."

"இது என்ன தண்ணிக் குழாயா?"

இருபது வருடமாக ஒரு சொட்டு ஒழுகாமல் இறுக்கிய கை. (இறுக்கிய பிறகு சற்றுத் தளர்த்தச் சொல்லும் பகுதி காணொளியில் இருந்தது. 'எனக்கா இறுக்கத் தெரியாது' என்று அதைத் தாண்டிப் போயிருந்தான்.)

"திரும்பவும் நீ விழுந்து..."

அவன் முடிக்கவில்லை. நானும் முடித்து வைக்கப் போவதில்லை.

"ஸ்பானரக் குடுங்க" என்றாள். அவன் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, நட்டைத் துளித்துளியாகத் தளர்த்தினாள். ஹேண்டில் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. பிறகு வலப்பக்கம். ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தான், கழுத்தில் ஆட்டமில்லை.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் திங்கட்கிழமை எல்லா வீட்டுக்கும் போய் வருகிறாள். விளம்பரம் போல் இருந்தது. இன்னொன்றில் தொலைபேசியை எடுக்கிறாள். எழுதிய எனக்கே பொறுக்கவில்லை.

கையில் மிஞ்சியது இவ்வளவுதான். அவள் வண்டியில் இருக்கிறாள். அவன் பின்னால் சீட்டைப் பிடித்திருக்கிறான்.

"விடுங்க."

"முக்கு வரைக்கும் போய்த் திரும்பிடு."

அவள் கியரைப் போடுகிறாள். அவன் விடுகிறான். வண்டி கோடு போட்டதுபோல் போகிறது. முக்கில் வேகம் குறைகிறது; பெரிய சாலைப் பக்கம் இண்டிகேட்டர் மினுக்குகிறது.

நான் எழுதிய தெரு அந்த முக்கோடு முடிகிறது. அவன் நிற்கும் இடத்திலிருந்தும் அதற்கு மேல் தெரியாது. நீங்கள் கொஞ்சம் நடந்து போய்ப் பாருங்கள்.