பீப்பாய்க்கு வேண்டிய ஆள்

எங்கள் தோணியில் இருந்த அணு உலைப் பீப்பாய், கரைக்குக் கரை வேறொன்றாக ஆகிக்கொண்டிருந்தது. அந்தந்த நாட்டுச் சட்டம் அப்படி. எந்தக் கரையில் ஒத்துக்கொள்கிறார்களோ அங்கே இறக்கிவிடுங்கள் என்று சொல்லித்தான் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

முதல் நாட்டில் பிறந்த இடத்தைப் பார்த்தார்கள். உலையில் பிறந்தது ஆறிப்போனாலும் கழிவுதான் என்று திருப்பிவிட்டார்கள். அடுத்த நாட்டில் பிறப்பைக் கேட்கவே இல்லை, ஆயுசைக் கேட்டார்கள். முப்பது வருஷத்தில் பாதியாவது அடங்குகிறதா பார்ப்போம், அதுவரை நங்கூரம் போட்டு நில்லுங்கள் என்றார் அதிகாரி.

"நிக்கலாம் சார். ஆனா ஞாயித்துக்கிழமை மகளுக்குக் கல்யாணம்," என்றார் எங்கள் தண்டல் சந்தியாகு. தோணிக்கு அவர்தான் தலைவர். அதிகாரி வாழ்த்துச் சொல்லி அனுப்பிவைத்தார்.

திரும்பும் வழியெல்லாம் தண்டல் பீப்பாயோடு சீட்டு ஆடினார். பெரும்பாலும் தோற்றார்.

எங்கள் துறைமுகத்தில் கழிவு ஏற்றிய தோணி நுழையக் கூடாது. ஆனால், யாருக்காவது வேண்டும் என்றால் அது கழிவு இல்லை.

படகில் வந்த அதிகாரி பீப்பாயைக் காட்டி, "இது யாருக்கு வேணும்?" என்றார்.

"எனக்குத்தான் சார்," என்றேன். தோணியில் சமையல் என் வேலை. கடல் காற்றில் மாவு லேசில் புளிக்காது. பீப்பாய் மேல் வைத்தால் விடிவதற்குள் பொங்கிவிடும். அவர் ஒரு தோசை சாப்பிட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தான் புளிச்சிருக்கு. அப்ப இது பாத்திரம்," என்று எழுதிக்கொண்டார். பிறகு தண்டலைக் காட்டி, "இவரு யாருக்கு வேணும்?" என்றார்.

அதுவும் முறைதான். மகள் பிரகாசிக்குப் போன் போட்டார்கள்.

"அப்பாவா? ஞாயித்துக்கிழமை வரைக்கும் வேணும் சார். அதுக்கப்புறம் எப்படியும் கடலுக்குப் போயிருவாங்க."

"எம் பிள்ளை என்னைக்குப் பொய் சொல்லியிருக்கு," என்றார் தண்டல்.

கல்யாணம் நன்றாக நடந்தது. தண்டல் மகளைக் கைப்பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போனார். பீப்பாயும் மற்றப் பாத்திரங்களோடு பந்தலுக்கு வந்திருந்தது.

திங்கட்கிழமை காலையில் அதிகாரி, தண்டலின் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்த, கழிவு புதைக்கும் சிமெண்டுப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். தண்டல் கைக்கடிகாரத்தைக் கழற்றி மருமகனிடம் கொடுத்தார்.

"நான் சொன்னதை மாத்திச் சொல்லலாமா சார்?" என்று கேட்டாள் பிரகாசி.

"ஒரு ஆளை ஒரு தடவைதாம்மா கேக்கணும்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டியைத் திறந்தார்கள்.

"அவரு எனக்கு வேணும்," என்றது பீப்பாய்.

பாத்திரம் கேட்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அதிகாரி பேனாவை எடுத்தார்.

"எதுக்கு?"

"சீட்டு ஆட."

"எத்தனை நாளைக்கு?"

"இருபத்துநாலாயிரம் வருஷம். அதுக்குள்ள பாதி ஆட்டம்தான் முடியும்."

எழுதிக்கொண்டு காலிப் பெட்டியோடு கிளம்பினார். தண்டல் கடிகாரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, இந்தத் தடவை அரிசியைக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கிப் போடச் சொன்னார்.